தொட்டியில் இடது பாதம்

கத்தாதவர்கள் என்று ஒருவரைக்கூடச் சேவுகன் பார்த்ததில்லை. மூன்று வாரமாக, சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில், அந்தப் பேரங்காடியின் மூன்றாவது மாடிக்கு ஏறி, படிக்கட்டு ஓரக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்து வைத்திருந்தான். நீல வெளிச்சம் போட்ட நீளமான கண்ணாடித் தொட்டி, அதைச் சுற்றி மரப்பலகை, பலகையில் உட்கார்ந்து துணியை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் காலை உள்ளே விடுகிற ஜனங்கள். சீனப் பெண்பிள்ளைகள் கத்தினார்கள். புதுசாய்க் கல்யாணமான மலாய் ஜோடி ஒருத்தர் தோளில் ஒருத்தர் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தியது. பத்துப் பேரை ஒரே கையால் தூக்கி எறிகிற ஆகிருதியோடு ஒரு சர்தார்ஜி வந்தார், குதிகால் நனைந்ததுமே பெற்ற தாயைக் கூப்பிட்டார். விரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிற மீன்கள். பல்கூடக் கிடையாதாம், வாயால் உறிஞ்சிக் காலில் செத்த தோலைத் தின்னுமாம், தின்று முடித்தால் பாதம் பஞ்சு மாதிரி ஆகிவிடுமாம். பஞ்சும் வேண்டாம், பட்டும் வேண்டாம். மீன் கொத்தினால் மனுஷனாய்ப் பிறந்தவனுக்குக் கூசும், கூசினால் கத்துவான், கத்தினால் காலில் உயிர் இருக்கிறது. சேவுகனுக்கு அது போதும். டாக்டர் வேண்டாம், சீட்டு வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், பேர் எழுத வேண்டாம். அவனுடைய இடது பாதம் அவனுடையதாக இருக்கிறதா இல்லையா என்பதை வாயில்லாத ஜீவன்கள் பார்த்துச் சொல்லிவிடும். வெளியே போய் யாரிடமும் அவை வாயைத் திறக்காது.

டாக்டரிடம் போனால் என்ன கெட்டுவிடும் என்று அவனே அவனைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. ரொட்டிக்கல்லுக்கு முன்னால் நின்றபடி, எத்தனையோ தடவை. கோலாலம்பூருக்கு வந்து பதினோரு வருஷம், பதினோரு வருஷமும் ஒரே ரொட்டிக்கடை, ஒரே கல், சாயங்காலம் ஏழுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறக்கம். கடைக்காரர் அனுப்புகிற கிளினிக்குக்குப் போனால் அவன் படியிறங்குவதற்கு முன்னால் கடைக்காரருக்குச் சேதி இறங்கிவிடும். வேறு கிளினிக்குக்குப் போனால், போனதை எவனாவது பார்த்துவிடுவான். சர்க்கரை இருப்பது நாலு வருஷமாகத் தெரியும். வருஷத்துக்கொரு தரம் வேலை பெர்மிட்டுக்கு மெடிக்கல் வரும்போது இரண்டு நாள் முன்னாலேயே சோற்றை நிறுத்தி, பாகற்காயை அரைத்துக் குடித்து, மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வரப் போய்க் கையை நீட்டுவது அவன் தங்கியிருக்கிற தொழிலாளர் குடியிருப்பில் சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை, குளியலறை வாசலில் நிற்கிற பாகற்காய் வாசனையை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். ரத்தத்தைப் பட்டினி போட்டு ஏமாற்றலாம். காலை எப்படிப் பட்டினி போடுவது? இன்னும் பதினெட்டு நாளில் மெடிக்கல். இந்த வருஷம் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்கிறார்களாம் மாஸ்டர் என்று டீ ஆற்றுகிற ஜபருல்லா எங்கேயோ கேட்டு வந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னான். உண்மையோ பொய்யோ. ஜபருல்லா சொல்வதில் பாதி, டீயில் நுரை மாதிரி, ஊதினால் போய்விடும். ஆனால் மறுநாள் சாயங்காலமே சேவுகன் முதன்முதலாக மூன்றாவது மாடிக்கு ஏறினான்.

கூட்டத்துக்கு நடுவில் உட்கார அவனுக்குத் தைரியமில்லை. அதனால் இன்றைக்கு வேலை விட்டதும் அறைக்குப் போகாமல், கதவு திறக்கிறவரைக்கும் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு முதல் ஆளாக உள்ளே போனான். ஆளில்லாத பேரங்காடி இவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாது. தரை துடைக்கிற இயந்திரம் எங்கோ கீழ்த்தளத்தில் உறுமிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் மேலே வந்தது, மாட்டுக் கொட்டகையில் ஒண்டியாய் ஒரு எருமை நிற்பது மாதிரி. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்குகிற வயசு, குட்டையாய் வெட்டின நரைமுடி, சட்டையில் இந்திராணி என்று பேர் குத்தியிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே தமிழில் பேசினாள். அவன் முகத்தில் என்னத்தைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறதோ, இந்த ஊரில் எவரும் அவனிடம் பாஷை தடுமாறியதில்லை. மாவு வாசனையாக இருக்கும். சுவரில் மூன்று பாஷைகளில் ஒரு பலகை. அதில் தமிழ் இல்லை. அந்த அம்மாளே தமிழாக இருந்து வாசித்துச் சொன்னாள். சக்கர இருக்கா தம்பி, புண்ணு இருக்கா, வெட்டுக்காயம், சேத்துப்புண்ணு, எதாச்சும். இல்லை, இல்லை, இல்லை. மூன்றாவது இல்லை கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதோ என்று அவனுக்கே பட்டது. அவள் பிளாஸ்டிக் பேசினையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு அவன் காலடியில் குந்தினாள்.

அவன் விலுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். தொட்டியில் விடுமுன் ஒவ்வொருத்தர் பாதத்தையும் கழுவி, திருப்பி, அடிப்பாகம் பார்த்து அனுப்புவதுதான் அங்கே வழக்கம், தூரத்திலிருந்து பார்த்தபோது அது அவன் கண்ணில் படவில்லை. தன்னைவிடப் பத்து வயசாவது மூத்த பொம்பளை தன் காலைப் பிடிப்பதா. கல்யாணத்தன்று மச்சினன் தாம்பாளத்தில் வைத்துக் கழுவினான், அதோடு சரி, அதற்கப்புறம் இந்தக் கால்களை அவனைத் தவிர ஒருத்தரும் தொட்டதில்லை, பெண்டாட்டி வள்ளிமயில்கூட. நீங்க தொடக்கூடாதுக்கா, நானே கழுவிக்கிறேன் என்று பேசினை வாங்கிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு. பத்தொன்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டராக இருந்தவளாம், ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்தாளாம். அங்கேயும் காலு, இங்கேயும் காலு, இங்க எல்லாரும் வந்த காலோட திரும்பிப் போறாங்க, அது ஒண்ணுதான்லா வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டே துண்டு மடிக்கப் போய்விட்டாள். அவள் பகடியாகத்தான் சொன்னாள். சேவுகன் மேலோட்டமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். வலது பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். வெடிப்பு, எண்ணெய்க் கறுப்பு, வழக்கமான தரித்திரம். இடது பாதத்தைத் திருப்பவில்லை. பார்த்தால் என்ன. பார்க்கலாம். பார்க்கவில்லை. ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை, வேறு எங்காவது வைத்தால் போதும், இது அவனுக்கு ஒரு வருஷமாகக் கைவந்த வித்தை.

ஒரு வருஷமா? அதற்கு மேலே இருக்குமா? எது முதல் என்று யோசித்தால் பிடி கிடைப்பதில்லை. ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி, அப்புறம் காலுறை போட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. போடாத காலுறை. கழற்றக் குனிந்து, கழற்ற ஒன்றுமில்லாமல் நிமிர்ந்திருக்கிறான். ரொட்டி என்பது கையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக் கையைத்தான் படம் எடுக்கிறார்கள். ரொட்டி காலில் இருக்கிறது. மாவை அடித்து வீசும்போது இடது குதிகாலில் பாரம் இறங்கி, தரை அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க, அந்தத் திரும்பி வருகிற வேகத்தில்தான் மாவு காற்றில் விரியும். நாலைந்து மாதமாகத் தரை ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. மாவு கிழிந்தது. மாவு சரியில்லை என்றான், மைதா மாறிவிட்டது என்றான், ஜபருல்லா டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, மாஸ்டர் காத்தடிக்காமலேயே ஆடுறீங்களே, வேப்பமரம்கூட சொல்லிட்டுத்தான் ஆடும் என்றான். இன்னொரு நாள், கல்லிலிருந்து முன்வாசல் வரை தட்டோடு போய்த் திரும்புகிறான், இடது செருப்பு கல்லடியிலேயே கிடக்கிறது. எப்போது கழன்றது? பதினைந்து அடி வெறுங்காலோடு, ஈரத்தரையில், ஈரம் தெரியாமல். ஜபருல்லா அந்தச் செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ராவணன் தூக்கிட்டுப் போறப்ப சீதை நகையப் போட்டுட்டுப் போச்சாமே, நீங்க செருப்பப் போட்டுட்டுப் போறீங்களா மாஸ்டர், எவன் தூக்கிட்டுப் போறான் உங்கள என்று கேட்டான். கடையே சிரித்தது. சேவுகனும் சிரித்தான். எவன் தூக்கிக்கொண்டு போகிறான். சிரித்து முடித்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது, கழுவப் போடாத தட்டு மாதிரி.

வலது காலை முதலில் விட்டான். அது அவன் யோசித்து வைத்திருந்த முறை. நல்ல சாட்சியை முதலில் கூப்பிடுவது. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. மீன்கள் தொட்டியின் மறுகோடியில் ஒரு கறுப்புத் துணி போலக் கிடந்தன, அசங்கவில்லை, பிறகு துணி ஒரு மூலையில் பிரிந்து அவன் பக்கமாக நீண்டு வந்தது. முதல் மீன் சுண்டுவிரலுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாயை வைத்தது. அவ்வளவுதான், அவன் தொண்டையிலிருந்து அவனுக்கே அறிமுகமில்லாத ஒரு சத்தம் வெளியே வந்தது, கோழியை மிதித்தால் வருமே அது. உடம்பு முழுக்கச் சிலிர்த்து, பிடரி வரைக்கும் ஏறி, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டுக்குவியலுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள், அப்படித்தான் தம்பி, அஞ்சு நிமிசம், பழகிரும் என்று குரல் கொடுத்தாள். பழக வேண்டாம், இது பழகவே வேண்டாம், இப்படியே கூசிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தான். எத்தனை நாளாயிற்று இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து. சிரிப்பில் அவனுக்கு ஒரு தெம்பு வந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே இருதயம் இரண்டு காலுக்கும் அடித்து அனுப்புகிறது, ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் விடுமா, பெற்ற தாய்கூட அப்படிச் செய்யமாட்டாள். இந்தத் தெம்பு ஆறுவதற்குள் விட்டுவிட வேண்டும். சுவரில் சிவப்பு எண்கள் இருபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன, பதினெட்டும் சொச்சமும். இடது காலைக் கையால் தூக்கி, ஆமாம் கையால்தான், தண்ணீருக்குள் இறக்கினான்.

கெண்டைக்காலில் தண்ணீர் தெரிந்தது. கணுக்கால் மொழி வரைக்கும் இளஞ்சூடு, அங்கே ஒரு கோடு போட்ட மாதிரி, அதற்குக் கீழே சூடும் இல்லை குளிரும் இல்லை. காத்திருந்தான். மீன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வலது பக்கம் குறுகுறுவென்று இருந்தது, அந்தக் குறுகுறுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு இடது பக்கத்தைக் காதுகொடுத்துக் கேட்பதுபோலக் கவனித்தான். ஒன்றுமில்லை. வரவில்லை. வரும். மீனுக்கும் ஒரு நேரம் காலம் வேண்டும், இந்தக் காலில் மாவும் எண்ணெயும் நாள்பட்டு ஊறியிருக்கிறது, மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும். அங்கே குனிந்து பார்த்துவிட்டால் முடிந்தது. அவன் எதிரே இருந்த கடையைப் பார்த்தான், செல்போன் உறை விற்கிற கடை, ஒரு போனுக்கு எத்தனை சட்டை, பூனை போட்ட சட்டை, கண்ணாடிச் சட்டை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பூனைகளை எண்ணினான். வலது காலில் குறுகுறுப்பு குறைந்தது. பழகிவிட்டது. அம்மாள் சொன்னபடி பழகிவிட்டது. இல்லை, பழகவில்லை, குறைகிறது, மீன்கள் போகின்றன, ஒன்றொன்றாக வாயை எடுக்கின்றன, சுண்டுவிரலில் இருந்த கடைசி மீனும் வாயை எடுத்துவிட்டது, அது விட்டுப் போன இடம்கூடத் துல்லியமாய்த் தெரிந்தது. எங்கே போகின்றன?

குனிந்து பார்த்தான். வலது பாதம் தண்ணீருக்கடியில் ஒண்டியாய், வெளுத்துப்போய், கடை சாத்திய பிறகு தெருவில் நிற்கிற ஆள் மாதிரி நின்றது. இடது பாதம் இருந்த இடத்தில் பாதம் இல்லை. கறுப்பாக ஒன்று மொய்த்திருந்தது, அது துடித்தது, வால்கள், நூற்றுக்கணக்கான வால்கள், எல்லாம் ஒரே திசையில் தலையை வைத்து, உள்ளங்காலுக்கு அடியில் புகுவதற்கு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு. கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு இடிக்கிற கூட்டம். தொட்டியில் ஒரு மீன்கூட வேறெங்கும் இல்லை. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் பார்க்கிறது, கால் கேட்கவில்லை. யாருடைய காலையோ மீன் தின்பதை அவன் பலகையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. எடுத்துவிடு என்று சொன்னான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. கால் எடுபடவில்லை. எடுத்தால் பார்க்க வேண்டும். பதினாலு நிமிஷம் என்றது சிவப்பு எண்.

கூடப்பிறந்த அண்ணன் முத்துக்கருப்பனுக்கும் சர்க்கரைதான், சுண்டுவிரலில்தான் தொடங்கியது. சிங்கம்புணரிச் சந்தைக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆள், விரல்தானே, விரல் போனால் கிளட்சு மிதிக்க முடியாதா என்றான். விரலுக்குப் பிறகு பாதி பாதம், பாதி பாதத்துக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே. அப்போது சேவுகன் லீவில் ஊரில் இருந்தான். கையெழுத்துப் போட்டதும் அவன்தான். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த ஆஸ்பத்திரி ஆள், சொந்தக்காரங்க யாரு என்று கேட்டு, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டான். என்ன கனம். ஒரு கெண்டைக்காலும் பாதிப் பாதமும் அவ்வளவு கனக்குமா? அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டுதான் அத்தனை வருஷம் நடந்தானா? மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மயானத்துக்குப் போனான், மேட்டில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் உள்ளே அந்தப் பாதம் அவன் தொடையில் இடித்தது, சிறுவயசில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு அண்ணன் உதைப்பானே, அதே இடத்தில். குழி வெட்டுகிறவர் பேர் கேட்டார். முத்துக்கருப்பன் என்றான். வயசு? ஐம்பத்திமூணு. எப்ப தவறுனாரு? தவறலங்க, ஆஸ்பத்திரியில ஆரஞ்சு ஜூசு குடிச்சுக்கிட்டு இருக்காரு. அந்த ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அப்ப பாலு ஊத்துறதா வேண்டாமா என்று கேட்டார். ஊற்றினார்கள். வாயில்லாத காலுக்குப் பால்.

அதைவிட மோசம் அப்புறம் நடந்ததுதான். ஒரு மாசம் கழித்து அண்ணன் போனில் கூப்பிட்டு, எங்கடா வச்ச என்றான். என்னத்தண்ணே? கால. ஓடைக்கரை மேலே, புளியமரத்துக்கு அந்தப் பக்கம். எறும்புப் புத்து இருந்துச்சா, பாத்தியா? பார்க்கவில்லை. எறும்பு ஏறுதுடா, குதிகால்ல ஏறுது, சொறியலாம்னு கைய விட்டா மெத்தைதான் இருக்கு. ராவும் பகலும் அப்படித்தான், மண்ணுக்குள் கிடக்கிற காலில் அண்ணனுக்கு ஊறல் எடுத்தது, குளிர் தெரிந்தது, மழை பெய்தால் நனைகிறது என்றான். ஐப்பசியில் அண்ணனே போய்ச் சேர்ந்தபோதுதான் அந்த ஊறல் நின்றிருக்கும். இல்லாத காலில் எறும்பு ஏறியது அவனுக்குத் தெரிந்தது. இருக்கிற காலை நூறு மீன் தின்கிறது, இவனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் எது இருக்கிறது, எது புதைந்திருக்கிறது? இவனுடைய கால் எந்த ஊர் மண்ணுக்குள் முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொண்டது? சேவுகனுக்கு வியர்த்தது. பேரங்காடியின் ஏசி முதுகில் விழுந்து வியர்வையைக் குளிர வைத்தது. வள்ளிமயில் நேற்றுகூடப் போனில், மூஞ்சியக் காட்டுங்க, லைட்டுக்கிட்ட வாங்க, கன்னம் ஒட்டிருக்கே, சக்கர பாத்தீங்களா என்றாள். நார்மல் என்றான். அவள் முகத்தை மட்டும்தான் காட்டச் சொல்வாள். லீவு நாட்கள் போக, பதினோரு வருஷமாக அவளுக்கு அவன் நெஞ்சுக்கு மேலேதான். மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிடுவார்கள். நின்று பிழைக்கிற பிழைப்புக்காரன் ஊரில் போய் எதில் நிற்பது, அண்ணன் வீட்டுச் சுவரில் இன்னும் சாத்தியிருக்கிற அந்தக் கக்கத்துக் கட்டையிலா? அதற்கு ரப்பர் பூண்கூடத் தேயவில்லை என்று அண்ணி சொன்னாள், யாருக்காவது ஆகும் என்று வைத்திருக்கிறாளாம்.

பக்கத்தில் நிழல் விழுந்தது. இந்திராணி வந்து நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூசலையா தம்பி?"

"கூசுதுக்கா," என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு பிந்தி வந்தது. தோளை வேறு குலுக்கிக் காட்டினான், கத்தினவர்கள் எல்லோரும் எப்படிக் குலுக்கினார்கள் என்பது மூன்று வாரமாகப் பார்த்ததுதானே. அவள் சிரிக்கவில்லை. அந்த முகம் மடிக்கிற துண்டு போல ஒரு மடிப்பு மடிந்து, பகடி பேசின அம்மாள் போய் வேறு யாரோ வந்துவிட்டாள், வெள்ளைச் சுவரும் டெட்டால் வாசனையும் உள்ள இடத்திலிருந்து வந்த யாரோ. கால எடுங்க என்றாள், கத்தவில்லை, அதட்டவும் இல்லை. அவன் எடுப்பதற்குள் அவளே குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துத் தூக்கினாள். மீன்கள் மனசில்லாமல் உதிர்ந்தன. இரண்டு மீன் பாதத்தோடே வெளியே வரை வந்து, காற்றுப் பட்ட பிறகுதான் விட்டன. முக்காலியில் துண்டை விரித்துப் பாதத்தை வைத்துத் திருப்பினாள், எட்டிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் துண்டில் இளஞ்சிவப்பாய் ஒரு வட்டம் பரவிக்கொண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே, தடித்த தோலுக்கு நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி, ஓரமெல்லாம் மீன்கள் சுத்தமாய்த் தின்று வெளுப்பாக்கியிருந்தன. அதற்குள்ளிருந்து அவள் நகத்தால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். கண்ணாடிச் சில்லு. கண்ணாடிக் கோப்பை எப்போது உடைந்தது? ஜபருல்லா பத்து நாளைக்கு முன்னால் ஒரு கோப்பையைத் தவறவிட்டான். பத்து நாள். படுக்கை விரிப்பின் கால்மாட்டில் பழுப்பாய் ஒரு கறை இருந்ததே, சாளை மீன் குழம்பு என்று நினைத்தானே, அறையில் எவனோ படுக்கையில் உட்கார்ந்து தின்றுவிட்டான் என்று அறைக்காரர்களோடு சண்டைகூடப் போட்டானே. பத்து நாளாக அதன் மேல் நின்று ரொட்டி வீசியிருக்கிறான்.

அவள் எதுவும் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. சக்கர இருக்கான்னு கேட்டேனே தம்பி என்று மட்டும் சொன்னாள், கேள்வியாக இல்லை. புண்ணுக்கு வழி இருக்கு, பயப்படாதீங்க, புண்ணு எனக்குப் பெருசில்ல, உணர்ச்சி இருக்கான்னு மொதல்ல பாக்கணும் என்றாள். அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். வார்டில் அப்படித்தான் பார்ப்பார்களாம்: அவள் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள், தொட்டது தெரிந்ததும் அவன் தெரியுது என்று சொல்ல வேண்டும், எந்த விரல் என்றும் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியுது என்று சொல்லக்கூடாது. எங்கிட்ட பொய் சொல்லி எனக்கு ஒண்ணும் நட்டமில்ல என்றாள்.

சேவுகன் கண்ணை மூடினான். மூடியதும் தொட்டியின் மோட்டார்ச் சத்தம் பெரிதானது, குமிழ் குமிழாய், யாரோ பக்கத்தில் கொப்புளித்துத் துப்புகிற மாதிரி. தரை துடைக்கிற எருமை இப்போது இரண்டாவது மாடிக்கு ஏறியிருந்தது. பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தான், எடுத்ததும் மனசு லேசானது, இத்தனை நாள் எத்தனை பேரிடம் எத்தனை நார்மல், அதெல்லாம் போகட்டும், இந்த ஒரு தடவை நேர்மையாய் இருப்போம், தெரிந்தால் தெரிகிறது, இல்லாவிட்டால் இல்லை. ஒரு விரலாவது தெரியும். பெருவிரல் நிச்சயம் தெரியும், அதில்தான் போன மாசம் எண்ணெய் தெறித்தபோது என்னவோ இருந்தது, சுடவில்லை, ஆனால் என்னவோ இருந்தது. அல்லது எண்ணெயைக் கண்ணால் பார்த்ததால் இருந்த மாதிரி இருந்ததா? இப்போது கண் இல்லை. இப்போது காலேதான் பேச வேண்டும். பேசு என்று அதனிடம் கெஞ்சினான், ஒரு வார்த்தை, ஒரு முனகல், அண்ணனுக்கு மண்ணுக்குள்ளிருந்தே பேசிற்றே, நீ துண்டின் மேல்தானே கிடக்கிறாய். அவள் இன்னும் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொள்கிறாள் போல. கையுறை தேடப் போயிருப்பாள். இல்லை, மூச்சுச் சத்தம் பக்கத்திலேயே கேட்கிறது, லேசாய் மூக்கடைத்த மூச்சு. ஓ, புரிகிறது, வேண்டுமென்றே தாமதிக்கிறாள், பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பொய்யர்களைப் பார்த்திருப்பாள், தொடுவதற்கு முன்னாலேயே தெரியுது தெரியுது என்று அவசரப்படுகிறவர்களைப் பிடிக்கிற வழி இது. அவன் அவசரப்பட மாட்டான். வாயை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான், பரீட்சையில் கேள்வித்தாள் வருவதற்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற நல்ல பிள்ளை மாதிரி. ஒரு வேளை இன்றைக்குத் தூங்காததால் இப்படி மரத்திருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகலாம். புண்ணுக்கு வழி இருக்கிறது என்று அவளே சொன்னாள். மெடிக்கலுக்கு இன்னும் பதினெட்டு நாள், அதற்குள் ஆறிவிடாதா, ஆறின இடத்தில் புதுத்தோல் வரும், புதுத்தோல் என்றால் புதுசாய் எல்லாம் தெரியாதா. அவளிடம் கேட்கலாம். தொட்டு முடிக்கட்டும், கேட்கலாம். ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள். அவளுக்கே பயமாக இருக்கிறதோ. பாவம், அந்தக் குழியைப் பார்த்தால் யாருக்குத்தான் தொட மனசு வரும்.

"அக்கா, நான் ரெடிதான்," என்றான். "சும்மா தொடுங்க."



"அஞ்சு விரலும் தொட்டு ரெண்டு சுத்து வந்துட்டேன் தம்பி," என்றாள். குரல் மிக அருகில், பாதத்துக்கு நேரே கீழிருந்து வந்தது. "இப்பவும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இமைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

"இன்னொரு தடவ," என்றான். "இன்னும் ஒரே ஒரு தடவ, அக்கா. நான் கவனிக்காம இருந்துட்டேன்."